காட்டுப் பாதைகளில் மண் இறுக்கம்

மனிதரும் விலங்குகளும் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதால் காட்டின் மேல்மண் கெட்டித்து, மழைநீரை உள்வாங்கும் திறனை இழப்பதே பாதை மண் இறுக்கம். பாதை அரிப்புக்குக் கால்களே காரணம் என்று எண்ணுவது வழக்கம். ஆனால் கால்கள் பெரும்பாலும் மண்ணை இறுக்குவதோடு நிற்கின்றன. பள்ளம் பறிக்கும் வேலையில் பெரும்பகுதி தண்ணீருடையது.

மிதிபடாத காட்டு மண்ணில் கன அளவின் பாதி அல்லது அதற்கும் மேல் வெற்றிடம்தான். மண்புழுவும் கறையானும் குடைந்த வளைகள், மக்கிய வேர் விட்டுச்சென்ற துளைகள் ஆகியவையே மழைநீரை விரைவாகக் கீழே இறக்குகின்றன. மிதிபட்டால் முதலில் நசுங்குபவையும் இவையே. நுண்துளைகள் தப்பிவிடும், ஆனால் அவை நீரைப் பிடித்துவைக்குமே தவிர வேகமாகக் கடத்தா. ஆகவே மொத்த வெற்றிடம் சற்றே குறைந்தாலும் நீர் உட்புகும் வேகம் பன்மடங்கு சரிந்துவிடுகிறது. காட்டு மேல்மண்ணின் அடர்த்தி பொதுவாகக் கன சென்டிமீட்டருக்கு 1 கிராமையொட்டி இருக்கும். அது 1.6 கிராமைத் தாண்டினால், களிமண்ணில் அதற்கு முன்பே, வேர்கள் நுழையத் திணறும்.

60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம் சுமைதான் விழுகிறது. நடக்கையில் அது குதிகாலிலும் விரல் நுனியிலும் குவிகிறது; இறக்கத்தில் இன்னும் கூடுகிறது. ஈர மண்ணில் துகள்கள் எளிதில் வழுக்கி நெருங்குவதால் இறுக்கம் அதிகம். சேறானபின் மண் இறுகுவதைவிட ஓரங்களுக்குப் பிதுங்குகிறது. நடப்பவர்களோ சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஒதுங்குவார்கள். ஒற்றையடிப்பாதை அகலமாவது பெரும்பாலும் இப்படித்தான்.

மிதிப்பின் விளைவை அளக்க டேவிட் கோலும் நீல் பேஃபீல்டும் 1993-இல் ஒரு பொது ஆய்வுமுறையை முன்வைத்தனர். அரை மீட்டர் அகலத் தடங்களில், தடத்துக்கு ஓர் எண்ணிக்கை என நடக்கவிட்டுத் தாவரங்களின் சேதத்தை ஒப்பிடுவது அம்முறை. இத்துறை ஆய்வுகளில் அடிக்கடி தென்படுவது, சேதம் ஆட்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை என்பது. பெரும்பகுதி முதல் சில மிதிகளிலேயே நடந்துவிடுகிறது. எனவே கூட்டம் மிகுந்த காட்டில் எல்லோரும் ஒரே தடத்தில் செல்லவேண்டும். ஆள் நடமாட்டம் அரிதான காட்டில், எந்த இடமும் திரும்பத் திரும்ப மிதிபடாதபடி பிரிந்து நடப்பதே மேல்.

மழை, நீர் மண்ணுக்குள் இறங்கும் வேகத்தை மிஞ்சினால் எஞ்சியது தரையில் ஓடும் என்று நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன் 1933-இல் விளக்கினார். சருகு மூடிய காட்டில் இது அரிது. இறுகிய பாதையில் சாதாரண மழையே போதும். சரிவில் நேர்கீழாக இறங்கும் பாதை அப்போது ஓடையாகிவிடுகிறது: மண் கரைந்து, வேர்கள் வெளித்தெரிந்து, தடம் சுற்றுத்தரையைவிடத் தாழ்கிறது. தாழ்ந்தபின் நீர் வெளியேற வழியில்லாததால் அடுத்த மழை இன்னும் ஆழமாகப் பறிக்கும். அமெரிக்காவின் மொன்டானாவில் நடந்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், நடப்பவர்கள், மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றைவிடக் குதிரைகளே அதிக வண்டலைக் கிளப்பின. குளம்புகள் மண்ணைக் கிளறி அரிப்புக்குத் தயாராக்குகின்றன.

பருவமும் முக்கியம். பெருவில் இன்கா பாதையை மழைமிகு பிப்ரவரியில் ஆண்டுதோறும் பராமரிப்புக்காக மூடுகிறார்கள். எருமேலியிலிருந்து கரிமலை வழியாகப் பம்பைக்குச் செல்லும் சபரிமலையின் பெரிய பாதையில் கூட்டம் தொடங்கும் கார்த்திகை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. வெறுங்காலில் செல்லும் பக்தர்கள் காலணியின் பற்களைப்போல் மண்ணைக் கிழிப்பதில்லை; ஆனால் எடை அதேதான்.

சரிவுக்குக் குறுக்காகப் பாதையை வளைத்து அமைப்பதும், ஆங்காங்கே குறுக்குக் கட்டைகள் பதித்து நீரை வெளியே திருப்புவதும் வழக்கமான தடுப்புகள். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் ஹெலிகாப்டரில் கல் இறக்கிப் பாதை பாவுகிறார்கள். கைவிடப்பட்ட தடம் தேறுவது மெதுவாகவே நடக்கும். குளிர்நாடுகளில் மண்ணிலுள்ள நீர் உறைந்து உருகுவது இறுக்கத்தைச் சிறிது தளர்த்தும். உறைபனி இல்லாத வெப்பமண்டலக் காட்டில் வேரும் மண்புழுவும் கறையானுமே அதைச் செய்யவேண்டும். அவை திரும்பி வரச் சருகுப் போர்வை தேவை என்பதால், மூடிய பாதைகளில் முதலில் சருகையும் கிளைகளையும் பரப்புகிறார்கள்.