ஏணியிலிருந்து விழுந்தவர்கள்

அக்கா பையன் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு ஃபேமிலி மெடிசின் எடுக்கப்போகிறேன் என்றபோது, "ஏன்டா, ரேங்க் குறைஞ்சிடுச்சா?" என்று கேட்டவன் நான். அந்தக் கேள்வியின் பூர்வீகத்தைத் தேடப்போய்க் கிடைத்தது இது.

1958 ஜனவரி, லண்டன். டாக்டர்களின் சம்பளம் பற்றிய ராயல் கமிஷன் முன் லார்ட் மோரன் சாட்சி சொல்கிறார். சர்ச்சிலின் டாக்டர், செயின்ட் மேரீஸ் மருத்துவக் கல்லூரியில் 25 வருஷம் டீன். ஸ்பெஷலிஸ்டும் பொது மருத்துவரும் சமமா? கிடையவே கிடையாது என்கிறார். கெட்டிக்கார மாணவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிப் பதவிக்குத்தான் ஏணி ஏறினார்களாம், சிலர் விழுந்துவிட்டார்களாம்.

பொது மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கென்னவோ, மாணவன் கண்ணில் பட்டதைத்தான் மோரன் சொன்னார் என்று தோன்றுகிறது. கல்லூரியில் பாடம் எடுத்தவர்கள் ஸ்பெஷலிஸ்டுகள். பொது மருத்துவத்துக்கு உலகின் முதல் பேராசிரியரே 1963-ல்தான் வந்தார், எடின்பரோவில். சம்பள முறை அதைவிட மோசம். பதிந்துகொண்ட நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்று காசு. நர்ஸ் வைத்தால், கிளினிக்கைச் சீர்படுத்தினால், அந்தக் கூடுதல் செலவு பெரும்பாலும் டாக்டர் கையை விட்டுத்தான் போகும். ஒழுங்காக வேலை செய்பவனுக்கு நஷ்டம் வருகிற மாதிரி ஒரு சிஸ்டம். யார் சேருவான்?

1965-ல் சுமார் 18,000 பேர் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களைத் தங்கள் சங்கத்திடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே புது ஒப்பந்தம்: உதவியாளர் சம்பளத்தில் 70 சதவீதம் அரசு தரும், கட்டடத்துக்கும் பணம் உண்டு. சில வருஷமாகக் குறைந்துகொண்டு வந்த பொது மருத்துவர் எண்ணிக்கை அதற்கப்புறம் ஏற ஆரம்பித்தது.