தோம்பு முதல் வரி இலக்கம் வரை

தோம்பு என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், இறை இறுப்போரையும் அவர்தம் காணிகளையும் ஊர்தோறும் எழுதிவைத்த பதிவேட்டுக்கு அப்பெயர் வழங்கிற்று. 1658 இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தர், பின்னர் இம்முறையைப் பெரிதும் விரித்தனர். நிலத் தோம்பில் காணியும் உரிமையாளர் பெயரும், தென்னை, பலா, கமுகு முதலிய மரங்களின் தொகையும் இடம்பெற்றன. தலைத் தோம்பில் குடும்பத்தவர் ஒவ்வொருவரும், அவர் அரசுக்குச் செய்யக் கடமைப்பட்ட ஊழியமும் எழுதப்பட்டன.

இவ்வேட்டிலே பெயர் ஏறுவதைக் குடிகள் விரும்பியிருப்பர் என்று கொள்ள இடமில்லை. ஆயின் ஒல்லாந்தர் போன பின்னர், அதே தோம்பு காணி வழக்குகளிலே உரிமைக்குச் சான்றாக நீதிமன்றங்களில் காட்டப்பட்டது. பாட்டனுக்குச் சுமையாய் இருந்த பதிவு பேரனுக்குக் கவசமாயிற்று.

ஆங்கிலேயர் காலத்தில் பதிவின் மீதிருந்த அச்சம் வெளிப்படையாகவே வெடித்தது. 1848 இல் தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சி துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் புதிய வரி விதித்தது. யூலை மாதத்தில் கண்டியிலே சனங்கள் திரண்டு முறையிட்டனர். அம்மாதம் முடியுமுன் மாத்தளையில் கிளர்ச்சி மூண்டது. வரித்தொகையோடு, உடைமையைப் பதியச் சொன்ன கட்டளையும் அவர்களை வெருட்டியிருத்தல் வேண்டும்.

1918 இல் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டமும், 1932 இல் வருமான வரிக் கட்டளைச் சட்டமும் வந்தன. காணியும் மரமும் இருந்த இடத்தில் இருப்பவை, எண்ணிவிடலாம். வருமானமோ ஓரிடத்தில் நில்லாதது. அதனை ஆளோடு பொருத்தவேண்டியிருந்தது. ஆளை அறியப் பெயர் போதவில்லை. ஒரே வீதியில் நான்கு கந்தையாக்கள் கடை நடத்தக்கூடும். அவருள் ஒருவரே தம் பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதக்கூடும். நிறுவியவர் இறந்து, கடை கைமாறிய பின்னும் பெயர்ப்பலகை மாறாதிருத்தல் வணிகர் வழக்கம்.

இச்சிக்கலைத் தீர்ப்பதே வரி செலுத்துநர் அடையாள இலக்கம். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வழங்கும் அவ்விலக்கம் ஒன்பது தானங்கள் உடையது. கம்பனிக்கு ஓர் இலக்கம். அதன் பணிப்பாளருக்குத் தனியே வேறோர் இலக்கம். பெறுமதி சேர் வரிக்குப் பதிந்தவருக்கு அவ்வொன்பது தானங்களின் பின் 7000 என்பது சேர்க்கப்படும்.

2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அப்பெறுமதி சேர் வரியிலேதான் இலக்கத்தின் பயன் வணிகருக்கு நன்கு புலப்படும். பதிந்த வியாபாரி ஒருவர் சரக்கு வாங்கும்போது 100 ரூபா வரி கொடுத்து, விற்கும்போது 150 ரூபா வரி அறவிட்டாராயின், திணைக்களத்துக்கு 50 ரூபா கட்டினால் போதும். ஆனால், வாங்கிய வரிச் சிட்டையிலே விற்றவர், வாங்கியவர் இருவரின் பதிவிலக்கங்களும் இருத்தல் வேண்டும். இல்லையேல் அந்த 100 ரூபாவைக் கழிக்க இயலாது. ஆதலால், பதிந்த வணிகர் பதிந்தவரிடமே சரக்கு வாங்க விரும்புவர். தோம்பிலே போல இங்கும் சுமையே உரிமைக்குச் சான்றாகின்றது.

பழைய அச்சமும் முற்றாக நீங்கவில்லை. 2024 தை முதலாந் திகதி தொடக்கம் 18 வயது நிரம்பியோர் பதிந்து இலக்கம் பெறவேண்டுமென அறிவிக்கப்பட்டபோது, இலக்கம் பெற்றாலே வரி இறுக்க நேரும் என்று எண்ணியோர் பலர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. பதிவு வேறு, வரிப் பொறுப்பு வேறு. விலக்களிக்கப்பட்ட எல்லைக்குள் வருமானம் உள்ள சிறு கடைக்காரர், இலக்கத்தை வைத்துக்கொண்டே அவ்வாண்டில் வருமான வரி ஒரு சதமும் இறுக்காதிருத்தல் கூடும்.