உடலின் உறுதியும் பேட்டரியின் ஆயுளும்: அலுவலக மடிக்கணினியின் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் ஏறத்தாழ 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றுள் இருந்த சோனியின் லித்தியம்-அயனி மின்கலங்கள் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதே காரணம். அடுத்த மாதம் திங்க்பேட் கணினிகளின் சுமார் 5,26,000 பேட்டரிகளும் இதே காரணத்தால் திரும்பப் பெறப்பட்டன. உரிமையாளர் செய்ய வேண்டியது மிக எளிது. தாழ்ப்பாளை நகர்த்திப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மாற்று வரும்வரை கணினியை நேரடி மின்இணைப்பில் இயக்கினால் போதும். வேலை தடைப்படவில்லை.

2019 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தனது 15 அங்குல மேக்புக் ப்ரோவின் ஒரு தொகுதிக்கு இதே போன்ற அறிவிப்பை வெளியிட்டது. இம்முறை பேட்டரி கணினியின் உடலோடு ஒட்டப்பட்டிருந்தது. எனவே கணினியையே பயன்படுத்த வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. ஆகஸ்டில் இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பேட்டரி மாற்றப்படும்வரை அக்கணினிகளை விமானத்தில் கொண்டுவர வேண்டாம் எனப் பயணிகளைக் கேட்டுக்கொண்டது.

பழுது ஒன்றுதான், விளைவுகள் வேறு. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் மடிக்கணினியின் அமைப்பில் நேர்ந்த மாற்றமே இதற்குக் காரணம். ஆய்வுப் பணிக்காக நீடித்து உழைக்கும் கணினியைத் தேடுவோர் அந்த மாற்றத்தை அறிந்திருப்பது நல்லது.

தொடக்கத்தில் உறுதியும் பேட்டரியும் தனித்தனிக் குணங்களாகவே இருந்தன. 1982இல் வந்த கிரிட் காம்பஸ் மக்னீசியம் உலோகக்கலவையாலான உடல் கொண்டது. பில் மாக்ரிட்ஜ் வடிவமைத்த அக்கணினியை நாசா தனது விண்வெளி ஓடங்களிலும் பயன்படுத்தியது. ஆனால் 8,000 டாலருக்கும் மேல் விலைபோன அந்தக் கருவியில் பேட்டரியே இல்லை. மின்இணைப்பு இருக்கும் இடத்தில் மட்டுமே அது இயங்கியது. மறுபுறம், 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 எட்டு வரிகள் மட்டுமே காட்டும் திரையுடைய எளிய பிளாஸ்டிக் கருவி. கடையில் கிடைக்கும் நான்கு சாதாரண பேட்டரிகளில் அது சுமார் 20 மணி நேரம் ஓடியது. களத்திலிருந்து செய்தி அனுப்பிய பத்திரிகையாளர்கள் அதை விரும்பி ஏந்தினர்.

இவ்விரு குணங்களையும் ஒன்றிணைத்த மரபு 1990களில் உருவானது. ஐபிஎம் நிறுவனம் 1992 அக்டோபரில் வெளியிட்ட திங்க்பேட் 700சி, ஜப்பானின் யமாட்டோ ஆய்வகப் பொறியாளர்களும் ரிச்சர்ட் சாப்பர் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளரும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் சோனி லித்தியம்-அயனி மின்கலத்தை முதன்முதலாக வணிகச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் இவ்வகை மின்கலம் மடிக்கணினிகளில் நிலைபெற்றது. 1996இல் பானசோனிக்கின் டஃப்புக் வரிசை தொடங்கியது. டெல்லின் லாட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் ஆகியவையும் இம்மரபைச் சேர்ந்தவையே.

இக்கணினிகளை வாங்கியவர்கள் தனிநபர்களைக் காட்டிலும் நிறுவனங்களே அதிகம். ஆயிரக்கணக்கில் வாங்கி, சில ஆண்டுகள் பராமரித்து, பின்னர் மொத்தமாகக் கழித்துவிடும் வாடிக்கையாளருக்குப் பழுதுபார்ப்பின் செலவு நன்கு தெரியும். அதனால் பிரித்துப் பூட்டும் முறையை விளக்கும் பராமரிப்புக் கையேடுகள் வெளிப்படையாகக் கிடைத்தன. பேட்டரியிலும் தெரிவுகள் இருந்தன. 2011இன் திங்க்பேட் டி420ஐ எடுத்துக்கொள்ளலாம். ஆறு மின்கலங்கள் கொண்ட 57 வாட்-மணி பேட்டரியையோ, ஒன்பது மின்கலங்கள் கொண்ட 94 வாட்-மணி பேட்டரியையோ அதில் பொருத்தலாம். போதாதென்றால் அடிப்பகுதியில் தட்டுப்போல ஒட்டிக்கொள்ளும் கூடுதல் பேட்டரி ஒன்றும் உண்டு. 2013 முதல் சில திங்க்பேட்களில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டைப் பேட்டரி முறை வந்தது. கணினியை அணைக்காமலே வெளிப்பேட்டரியை மாற்றலாம். 2018இன் டி480இல் உள்ளே 24 வாட்-மணி, வெளியே அதிகபட்சம் 72 வாட்-மணி. அதன் அடுத்த பதிப்பான டி490இல் வெளிப்பேட்டரி நீக்கப்பட்டது.

இம்மாற்றத்தின் தொடக்கம் 2008இன் மேக்புக் ஏர், 2009இன் 17 அங்குல மேக்புக் ப்ரோ ஆகியவற்றில் இருக்கிறது. அதற்கான வாதத்தில் நியாயமும் இருந்தது. தாழ்ப்பாள், தனி உறை, உருளை வடிவ மின்கலங்களுக்கு இடையிலான வெற்றிடம் ஆகியவற்றை நீக்கினால், அதே பருமனுக்குள் தட்டையான பெரிய பேட்டரியை வைக்க முடியும். 1,000 முறை மின்னேற்றலாம் என்று ஆப்பிள் உறுதி கூறியது. செயலிகளின் மின்நுகர்வும் குறைந்துவந்ததால், மாற்றுப் பேட்டரி இல்லாமலே ஒரு நாள் வேலை முடியும் நிலை வந்தது.

ஆனால் ஒரு நாளின் கணக்கும் ஐந்தாண்டுக் கணக்கும் ஒன்றல்ல. லித்தியம்-அயனி மின்கலம் பயன்பாட்டாலும் வெப்பத்தாலும் காலத்தாலும் தேய்வது. மக்னீசியச் சட்டகம் பத்தாண்டு தாங்கலாம். அதனுள் உள்ள பேட்டரி தாங்காது. இளநிலை, முதுநிலை என ஐந்தாண்டு நீளும் ஆய்வு உதவித்தொகைக் காலம் முழுவதையும் ஒரே கணினியோடு கடக்க வேண்டிய மாணவருக்கு, குறைந்தது ஒரு முறையேனும் பேட்டரி மாற்றும் தேவை வரும் என்று கொள்வதே விவேகம்.

விளம்பரங்களில் காணும் ‘ராணுவத் தரம்’ என்ற சொல்லையும் இந்த ஒளியில் பார்க்க வேண்டும். மில்-எஸ்டிடி-810 என்பது 1962இல் முதலில் வெளியான அமெரிக்க ராணுவ ஆவணம். வீழ்ச்சி, அதிர்வு, வெப்பம், ஈரம், தூசு முதலியவற்றுக்கான சோதனை முறைகளின் தொகுப்பு அது. எந்தச் சோதனைகள், எவ்வளவு கடுமையாகச் செய்யப்பட்டன என்று கேட்காமல் அந்தச் சொல்லை மட்டும் நம்புவது பயனற்றது. பேட்டரியின் முதுமை குறித்து அந்த முத்திரை எதையும் உறுதி கூறுவதில்லை.

ஆகவே இன்று கணினி வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகள் சில:

பேட்டரி திருகாணிகளால் பொருத்தப்பட்டுள்ளதா, பசையால் ஒட்டப்பட்டுள்ளதா? திருகாணி என்றால், உட்பேட்டரியாக இருந்தாலும் சில நிமிடங்களில் மாற்றலாம்.

பராமரிப்புக் கையேடு பொதுவில் கிடைக்கிறதா? அசல் பேட்டரிக்குத் தனி உதிரிபாக எண் உண்டா?

கொள்ளளவு எத்தனை வாட்-மணி? ‘இத்தனை மணி நேரம்’ என்னும் விளம்பரத்தைவிட இந்த எண் நேர்மையானது. 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியை விமானத்தில் கொண்டுசெல்ல விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்திவைக்கும் வசதி உண்டா? எப்போதும் மின்இணைப்பிலேயே இருக்கும் கணினியின் பேட்டரிக்கு இது ஆயுளைக் கூட்டும்.

யுஎஸ்பி-சி வழியாக மின்னேற்ற முடியுமா? முடியுமானால், போதிய திறனுள்ள பவர் பேங்க் பழைய மாற்றுப் பேட்டரியின் இடத்தை ஓரளவு நிரப்பும்.

டெல்லி நேரு பிளேஸ், பெங்களூரு எஸ்.பி. சாலை போன்ற சந்தைகளில் நிறுவனங்கள் கழித்த அலுவலகக் கணினிகள் மறுவிற்பனைக்கு வருகின்றன. குறைந்த வருவாயுள்ள மாணவருக்கு அவை நல்ல தெரிவு. ஆனால் மலிவான போலிப் பேட்டரியோடு அவற்றை வாங்கினால், 2006இன் அபாயத்தை விலைகொடுத்து வாங்கியதாகவே ஆகும்.

சட்டமும் இப்போது இத்திசையில் திரும்பியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுப் பேட்டரி ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்கிறது. இவ்விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வரும் எனவும் வகுத்துள்ளது. இந்தியாவில் 2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்முடிந்த பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளரிடம் ஒப்படைத்தன. அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையவாயிலை மத்திய அரசு தொடங்கியது. 2006இல் ஒரு தாழ்ப்பாளை நகர்த்தினால் கிடைத்த வசதிக்கு இன்று சட்டமும் வாயிலும் தேவைப்படுகின்றன. அவை முழுப் பயன் தரும்வரை, வாங்கும் முன் கணினியின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்துத் திருகாணிகளை எண்ணுவது வாங்குபவரின் பொறுப்பு.