இருபது வளைவு ஏறும் மூன்று சிலிண்டர்

ஏற்காட்டில் டிராக்டருக்குப் பெரும்பாலும் உழவு வேலை இல்லை. சரிவில் காபிச் செடி, அதற்கு நிழலாக சில்வர் ஓக், அந்த ஓக் மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி. இதற்கு நடுவே கலப்பை போக வழி ஏது? சேர்வராயன் மலையில் டிராக்டர் சுமைவண்டிதான். எருவும் சுண்ணாம்பும் தோட்டத்துக்குப் போக வேண்டும். பறித்த பழம் அன்றைக்கே பல்பர் கொட்டகைக்கு வர வேண்டும். போர்டோ கலவை அடிக்கும் பருவத்தில் தண்ணீர் டேங்க் இழுக்க வேண்டும். வெட்டிய மரம் ரோட்டுக்கு வர வேண்டும். இப்போது இவற்றோடு, விடுதி கட்டுகிறவர்களுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் சேர்ந்துகொண்டன.

கீழே வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் ஓடும் வண்டியும் இதுவும் ஒரே மாடலாக இருக்கலாம். தேயும் இடம் மட்டும் வேறு. வயலில் சேற்றுழவும் ரோட்டவேட்டரும் ஹைட்ராலிக்கையும் பி.டி.ஓ.வையும் தின்னும். மலையில் முதலில் போவது கிளட்ச், அடுத்தது பிரேக். பாரத்தோடு மேட்டில் நின்று எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கிளட்ச் பிளேட்டில் கொஞ்சம் கருகுகிறது. பழைய வண்டிக்குச் சாமான் தேடும் கதை ஊருக்கு ஊர் மாறுவதற்குக் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டில் பழைய டிராக்டர் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது சிவப்பு மாஸி 1035. அதன் பூர்வீகம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துப் பேனர் லேன் தொழிற்சாலை. போர்க்காலத்தில் விமான என்ஜினுக்காகக் கட்டிய இடம் அது. போர் முடிந்ததும், 1946-இல், அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசனின் சின்னச் சாம்பல் நிற டிராக்டர் அங்கே வரத் தொடங்கியது. கலப்பையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்காமல், மூன்று புள்ளியில் மாட்டி ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கும் ஏற்பாடு ஃபெர்குசனுடையது. இன்றைக்கு எந்தக் கம்பெனி டிராக்டரின் பின்பக்கம் பார்த்தாலும் அதுதான் இருக்கும். 1956 வரை அந்தச் சாம்பல் வண்டி 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதற்கு வாரிசாக வந்த மாடல்தான் 35.

35-க்கு முதலில் வைத்த நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின், குளிர்காலத்தில் கிளம்பாமல் அடம்பிடித்துக் கெட்ட பெயர் வாங்கியது. 1959-இல் அதைத் தூக்கிவிட்டு, பீட்டர்பரோ நகரத்துப் பெர்கின்ஸ் கம்பெனியின் மூன்று சிலிண்டர் என்ஜினை வைத்தார்கள். மொத்தக் கொள்ளளவு 152 கன அங்குலம், நம் கணக்கில் இரண்டரை லிட்டர். அதே ஆண்டு பெர்கின்ஸ் கம்பெனியையே, 35-ஐச் செய்துவந்த மாஸி ஃபெர்குசன் கம்பெனி வாங்கிவிட்டது. அதன் பிறகு வண்டிக்கு நல்ல பெயர்தான்.

அடுத்த ஆண்டு, 1960-இல், மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கேயே செய்ய சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் எஸ். அனந்தராமகிருஷ்ணன். அந்தக் குழுமத்தின் மூத்த கம்பெனி சிம்சன், 1840-இல் குதிரை வண்டி கட்டப் புறப்பட்டது. அண்ணா சாலையில் பஸ் நிறுத்தத்துக்கே பெயர் கொடுத்த அதே சிம்சன். பெர்கின்ஸ் வகை டீசல் என்ஜினை இந்தியாவில் செய்யும் வேலை அதன் கையில் இருந்தது. பிஸ்டனுக்கு இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லேயே வந்துவிட்டது. கிராங்க் பேரிங்குக்கு 1961-இல் கோவையில் பைமெட்டல் பேரிங்ஸ். டீசல் பம்ப், செல்ஃப் மோட்டார் போன்றவற்றுக்கு, வேறு குழுமமானாலும், பாடியில் லூகாஸ் டிவிஎஸ். வண்டியின் முக்கிய உறுப்புகள் பலவும் மாநிலத்துக்குள்ளேயே பிறந்தன. ஏற்காட்டுக்காரருக்கு இதனால் என்ன லாபம் என்பதை இனிப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் 35 மாடல் 1964-இல் நின்றது. பேனர் லேன் தொழிற்சாலையே 2002-இல் மூடப்பட்டது. சென்னையிலோ அந்த வடிவம் 1035 என்ற பெயரில், சிறு சிறு மாற்றங்களோடு, பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. உற்பத்தி தொடர்ந்தால் சாமானும் தொடரும். கம்பெனிக்குச் சாமான் கொடுக்கிறவர் தன் சொந்தப் பெட்டியில் போட்டு வெளிக் கடைக்கும் கொடுப்பார். லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் அதே அளவில் செய்கிற பட்டறைகள் கிளம்பும். இங்கிலாந்தில் தாத்தா ஓட்டிய 35-ஐப் புதுப்பித்து வைத்துக்கொள்ளும் ஆர்வலர்கள் இன்று வாங்கும் உதிரிபாகங்களில் கணிசமானவை இந்தியாவில் செய்தவை. கோவென்ட்ரியில் பிறந்த வண்டிக்குக் கோவென்ட்ரியில் சாமான் இல்லை, சேலத்தில் இருக்கிறது. பழைய டிராக்டருக்கு மலிவாகச் சாமான் கிடைப்பதன் ரகசியம் காயலான் கடை என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் காயலான் கடைக்கு அதில் சிறு பங்குதான். பெரிய காரணம், அந்த வடிவத்தை இந்த நாடு கைவிடவில்லை என்பது.

சரி, மலையில் கிளட்ச் போய்விட்டது. இனி நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

பிளேட் தேய்ந்துதான் போனதா, எண்ணெய் பட்டுப் போனதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கிளட்ச் கூட்டின் அடியில், ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். அந்த ஓட்டையில் எண்ணெய் சொட்டினால் விரலில் தொட்டு மோந்து பார்ப்பார் மெக்கானிக். கறுப்பாக, நீர்த்து இருந்தால் என்ஜின் ஆயில். கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் வாடையோடு இருந்தால் கியர் ஆயில். சமவெளியில் இரண்டில் ஒன்று கசியும். மலையில் இரண்டும் கசிய வாய்ப்பு அதிகம், காரணம் எளிது. மேடு ஏறும்போது வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்கிறது, என்ஜின் ஆயில் பின்பக்கம் போய் கிராங்கின் பின் சீலில் முட்டுகிறது. இறங்கும்போது மூக்கு தாழ்கிறது, கியர்பாக்ஸ் ஆயில் முன்பக்கம் வந்து கியர் ஷாஃப்ட் சீலில் முட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்பது கிளட்ச்.

அந்தப் பின் சீல் பழைய என்ஜின்களில் ரப்பர் அல்ல, கயிறு. ரோப் சீல் என்பார்கள். கிராஃபைட் ஏற்றிய இரண்டு திரித் துண்டுகள், இரண்டு அரைவட்டக் கூட்டுக்குள் உட்காரும். பார்த்தால் இதுவா எண்ணெயைத் தடுக்கப்போகிறது என்று தோன்றும். ஆனால் ஒழுங்காக வைத்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். திரியின் இரு முனையையும் முதலில் உட்கார வைத்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, நடுப்பகுதியை உருண்டைக் கம்பியால் உருட்டி உருட்டி அமுக்க வேண்டும். நீட்டிய நுனியை பிளேடால் சீவிவிட்டால் வண்டி வெளியே போன வாரமே ஒழுகும். கூட்டை முடுக்கும்போது அந்த நுனிகள் ஒன்றையொன்று அழுத்தித்தான் இணைப்பு அடைபடும். விலையைப் பார்த்தால் வண்டியிலேயே அற்பமான சாமான்களில் ஒன்று. அதற்கான கூலிதான் பயமுறுத்தும்.

ஏனென்றால் கிளட்சையோ அந்தச் சீலையோ தொட, வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஆடுவதால், பிரித்தவுடன் என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு பக்கமும் மரச் சக்கை அடித்து நிறுத்திக்கொள்வார்கள். பின்பாதிக்கு ஜாக்கி. பிறகு டீசல் குழாய், ஒயர், ஸ்டியரிங் இணைப்பு எல்லாம் கழற்றி, போல்ட்டுகளை எடுத்து, முன்பாதியை உருட்டி நகர்த்த வேண்டும். சமதளத் தரை வேண்டும். தோட்டத்துக்குள் அது எங்கே இருக்கிறது? காபி உலர்த்தும் சிமெண்ட் களம்தான் பெரும்பாலும் பட்டறை. பழம் வரும் மாதத்தில் வண்டி படுத்தால் களமும் போச்சு, வண்டியும் போச்சு.

பிரித்தபின் சேலம் பயணம். பழைய பிளேட்டைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டும். கடைக்காரர் பிளேட்டைத் தட்டில் வைத்துக் குறுக்களவை அங்குலத்தில் பார்ப்பார், நடுத்துளையின் பல்லை எண்ணுவார். பல் ஒன்று மாறினாலும் ஷாஃப்ட்டில் ஏறாது. மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கிவந்தவர்கள் மறுநாள் திரும்ப இறங்குகிறார்கள். பல ஆண்டு செய்த மாடல் என்பதால் ஒரே பெயரில் ஒற்றைக் கிளட்ச்சும் உண்டு, இரட்டைக் கிளட்ச்சும் உண்டு. மலையில் இருப்பவருக்குச் சாமான் விலையைவிட, தவறான சாமானின் விலைதான் அதிகம்.

கவுண்டரில் விலை படிப்படியாக இறங்கும். கம்பெனி பெட்டி ஒரு விலை. அதே சாமானைக் கம்பெனிக்குச் செய்துகொடுப்பவரின் சொந்தப் பெட்டி அதற்குக் கொஞ்சம் கீழே. வடக்கிலிருந்து வரும் லோக்கல் இன்னும் கீழே. கம்பெனி பெட்டி மாதிரியே அச்சடித்த டூப்ளிகேட் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. சில நேரம் அதுவும் ஒரிஜினல் விலைக்கே நிற்கும். இதில் இரண்டாவது படிதான் பழைய வண்டிக்காரருக்கு ஏற்றது என்பேன். பிஸ்டன், ரிங், பேரிங், ஃபில்டர், கிளட்ச் எல்லாவற்றிலும் அந்தப் படி உண்டு.

தேய்ந்த பிளேட்டுக்குப் புது லைனிங் ரிவிட் அடித்துத் தருவார்கள். புதுப் பிளேட்டைவிட மலிவு. பிரேக் ஷூவுக்கு அது சரி. ஷூவைக் கழற்ற வண்டியைப் பிளக்க வேண்டியதில்லை. மலை வண்டியின் கிளட்ச்சுக்கு அது வீண். ரிவிட் அடித்த லைனிங் ஒரு பருவத்தில் கழன்றால் மறுபடியும் மரச் சக்கை, மறுபடியும் களம். வண்டி பிரிந்து கிடக்கும்போதே கிளட்ச் பேரிங், இரண்டு பக்கச் சீல், எல்லாம் சேர்த்து மாற்றிவிடுவதுதான் கடைசிக் கணக்கில் மலிவு.

கிராங்க் வேலைக்கு வந்தால், பீட்டர்பரோ இன்னும் உயிரோடு இருப்பது தெரியும். நாடு மெட்ரிக்குக்கு மாறி அறுபது ஆண்டு ஆனாலும், இந்த என்ஜினின் பேரிங் இன்றும் ஸ்டாண்டர்ட், பத்து, இருபது, முப்பது என்றுதான் விற்கிறது. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பத்து பங்கு, இருபது பங்கு என்று கிராங்க்கைக் கடைந்து குறைத்த அளவு அது. முப்பதையும் தாண்டிக் கடைந்தாகிவிட்டால் வேறு கிராங்க் தேட வேண்டியதுதான். முதல் தடவையே "எதற்கும் இருக்கட்டும்" என்று இருபதுக்குக் கடைந்துவிடும் லேத்காரர், உங்கள் என்ஜினின் ஒரு பிறவியைத் தின்றுவிட்டார் என்று அர்த்தம்.

பழைய இரும்பு எங்கே உதவும்? உடையாமல், தேயாமல் இருக்கும் வார்ப்புகளுக்கு. கியர்பாக்ஸ் கூடு, ஆக்சில் கூடு, வீல் டிஸ்க், மட்கார்டு, பானெட். சேலத்துப் பழைய கடைகளில் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை வரை போகிறவர்கள் உண்டு. கிரவுன், பினியன் வாங்கினால் ஜோடியாகவே வாங்க வேண்டும். சேர்ந்தே ஓடித் தேய்ந்த பற்கள் புது ஜோடியை ஏற்காது. பழைய டீசல் பம்ப் வேண்டாம். அதற்குள் ஓடும் ஹெட்டும் ரோட்டரும் மைக்ரான் இடைவெளியில் இழைத்துச் சேர்த்த ஜோடி; ஒரு மழைக்காலம் டீசலில் தண்ணீர் கலந்தால் போய்விடும், வெளியே பார்த்துத் தெரியாது.

அண்மையில் நடந்த இரண்டு விஷயங்கள் இந்தச் சந்தையைத் தொடுகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. டிராக்டர் டயருக்கும் குறிப்பிட்ட சில உதிரிபாகங்களுக்கும் 18-லிருந்து 5. எல்லா நட்டு போல்ட்டுக்கும் இது பொருந்தாது, அதனால் பில்லில் வரி விகிதத்தைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று பெயர்த் தகராறு. மாஸி ஃபெர்குசன் பெயரை 1990-களில் வாங்கிய அமெரிக்க ஆக்கோ கம்பெனிக்கும் டாஃபேக்கும் நடந்த வழக்கு 2025 நடுவில் சமாதானமாகி, இந்தியாவில் அந்தப் பெயர் டாஃபேக்கே சொந்தமானது. பானெட்டில் எந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது என்பது பழைய வண்டிக்காரருக்கு முக்கியமில்லை. ரோப் சீலும் பத்து-இருபது பேரிங்கும் செய்கிற வரிசையை யாரும் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

மலையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், ஒற்றைக் கிளட்ச்சா இரட்டையா, பிளேட்டின் குறுக்களவும் பல் எண்ணிக்கையும், கிராங்க் இப்போது எந்த அளவில் நிற்கிறது, பம்ப் ரோட்டரியா இன்லைனா, இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி டூல் பாக்ஸில் வையுங்கள். அடுத்த முறை வண்டியைப் பிரிக்கும்போது ஒரு ரோப் சீல் கூடுதலாக வாங்கி வீட்டில் போட்டுவிடுங்கள். டிசம்பரில் பழம் பழுத்து நிற்கும்போது அதற்காக ஒரு ஆளைச் சேலம் அனுப்பும் செலவை ஒப்பிட்டால், அது ஒன்றுமே இல்லை.