மறதிநோய் மருந்துச் சந்தையின் வளர்ச்சி: நோயாளரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கான மருந்துச் சந்தை விரைவாக வளர்ந்து வருகிறது என்னும் செய்தியை நீங்கள் நாளிதழிலோ கைப்பேசியிலோ கண்டிருக்கலாம். சந்தை வளர்கிறது என்றால் விற்பனைத் தொகை கூடுகிறது என்பதே பொருள்; நோயைக் குணப்படுத்தும் மருந்து கிடைத்துவிட்டது என்பதன்று. அல்சைமர் நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை.

வளர்ச்சிக்குக் காரணம் என்ன?

உலகில் 5.5 கோடிக்கும் மேற்பட்டோர் மறதிநோயுடன் வாழ்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. இவர்களுள் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு அல்சைமர் நோயே காரணமாகும். முதியோர் எண்ணிக்கை உயர உயர மருந்தின் தேவையும் உயர்கிறது. ஆயினும் அண்மைக்கால ஏற்றத்தில் புதிய மருந்துகளின் விலைக்கும் பெரும்பங்கு உண்டு.

டோனெபெசில் மாத்திரை 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரிவாஸ்டிக்மின், கலன்டமின், மெமன்டின் ஆகியவை 2003-க்குள் வந்தன. அதன்பின் 2021 வரை அங்கு அல்சைமர் நோய்க்குப் புதிய வகை மருந்து எதுவும் அனுமதிக்கப்படவில்லை. இதற்கிடையில் பழைய மருந்துகளின் காப்புரிமை முடிந்து, பல நிறுவனங்கள் அவற்றைக் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கின. இவ்வாறு விலை குறையும்போது சந்தையின் தொகை சுருங்கக்கூடும். நோயாளருக்கோ அது நன்மையே.

2021 ஜூனில் அனுமதி பெற்ற அடுகானுமாப் மருந்துக்கு ஆண்டுக்கு 56,000 டாலர் விலை வைக்கப்பட்டது. பின்னர் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. 2024-இல் தயாரிப்பாளரே அதனைக் கைவிட்டார். 2023-இல் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் மருந்தின் அமெரிக்க விலை ஆண்டுக்கு 26,500 டாலர். 2024 ஜூலையில் வந்த டோனனெமாப் 32,000 டாலர்.

புதிய மருந்துகளின் பயன் எவ்வளவு?

இவை மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றுகின்றன. லெகனெமாப் ஆய்வில் ஏறத்தாழ 1,800 பேர் 18 மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். மருந்து பெற்றோரின் நிலை, பெறாதோரைவிட 27 விழுக்காடு மெதுவாகச் சரிந்தது. 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் இவ்வேறுபாடு 0.45 புள்ளி மட்டுமே. இழந்த நினைவு மீளவில்லை, சரிவும் நிற்கவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமோ இரத்தக்கசிவோ ஏற்படுவதால், எம்.ஆர்.ஐ. பரிசோதனையைப் பலமுறை செய்ய வேண்டியுள்ளது. செலவுக்கேற்ற பயன் இல்லை எனக் கருதிய பிரிட்டனின் மருத்துவ மதிப்பீட்டு அமைப்பு, 2024-இல் வெளியிட்ட வரைவறிக்கையில் லெகனெமாபை அரசு மருத்துவச் சேவைக்குப் பரிந்துரைக்கவில்லை.

இம்மருந்துகள் அல்சைமர் நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கே உரியவை. அமிலாய்டு படிவும் பரிசோதனையில் உறுதிப்பட வேண்டும். உங்கள் தாயாருக்கோ தந்தையாருக்கோ நோய் முற்றிய நிலையில் இருந்தால், அல்லது அது பக்கவாதத்தைத் தொடர்ந்து வந்த மறதிநோயாக இருந்தால், இவற்றை நாடி வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. நீங்கள் அவர்களுக்கு எதையும் மறுத்துவிடவும் இல்லை.

முதலில் செய்ய வேண்டியது

மறதிக்கான காரணம் கண்டறியப்பட்டதா என மருத்துவரிடம் கேளுங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி தோன்றலாம்; இவற்றுக்குச் செலவு குறைந்த சிகிச்சை உண்டு. பழைய மாத்திரைகள் சிலருக்கு அறிகுறிகளைச் சில காலம் தணிக்கும். மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் திடீரென நிறுத்தாதீர்கள். மக்கள் மருந்தகத்தில் அவை கிடைக்குமா என விசாரிக்கலாம்.

சந்தை அறிக்கைகளில் இடம்பெறாத செலவு ஒன்று உண்டு. 2019-இல் மறதிநோயால் உலகிற்கு ஏற்பட்ட செலவு 1.3 லட்சம் கோடி டாலர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழப் பாதி, குடும்பத்தினர் ஊதியமின்றி அளித்த பராமரிப்பின் மதிப்பாகும். நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரம். அந்த உழைப்பு உங்களுடையதாயின், உங்கள் உறக்கத்தையும் உடல்நலத்தையும் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். முதியோர் தொடர்பான உதவிக்கு 14567 என்ற கட்டணமில்லா எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம்.