தில்லி வானமும் தார் மணலும்: வெட்டுக்கிளிக்கு எதிராக ஒரு பூஞ்சை

2020 ஜூன் 27, சனிக்கிழமை. முந்தின நாள் மாலை ராஜஸ்தானின் ஜுன்ஜுனுவில் தென்பட்ட பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் காலையில் ஹரியானாவின் ரேவாரியை அடைந்து, மூன்றாகப் பிரிந்தது. ஒன்று குருகிராமின் அடுக்குமாடிகளைக் கடந்து பரீதாபாத் பக்கம் போனது. இன்னொன்று தில்லியின் துவாரகா வரை வந்து திரும்பியது. மூன்றாவது பல்வலில் தென்பட்டது. மூன்றுமே உத்தரப் பிரதேசம் நோக்கி நகர்ந்தன. மக்கள் சன்னல்களைச் சாத்தினார்கள். மாடியில் நின்று தட்டும் பாத்திரமும் தட்டினார்கள். மேளம் கொட்டுங்கள், பாட்டைச் சத்தமாக வையுங்கள், வேப்பிலையை எரியுங்கள் என்று தில்லி அரசு அறிவுறுத்தியது. கூட்டம் தலைக்கு மேல் வந்த பிறகு ஒரு நகரத்தால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை கூட்டத்தை எந்தப் பூஞ்சையாலும் தடுத்திருக்க முடியாது. வெட்டுக்கிளிக்கு எதிரான உயிரியல் கட்டுப்பாட்டைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது: பூஞ்சை மெதுவாகக் கொல்கிறது, ஆகவே பயன்படாது. இந்த முடிவு தவறானது. பூஞ்சையைத் தெளிக்க வேண்டிய இடம் தில்லி அல்ல. தார் பாலைவனத்தின் மணல். தெளிக்க வேண்டிய பருவம், இறக்கை முளைப்பதற்கு முந்தைய வாரங்கள்.

இந்தப் பூஞ்சைக் குடும்பம் தமிழ் உழவர்களுக்குப் புதிதல்ல. தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களை அழிக்க எருக்குழியில் இடப்படும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையும் மெட்டாரைசியம் பேரினத்தைச் சேர்ந்ததுதான். 1879இல் ஒடெசாவில் இலியா மெச்னிகோவ் தானிய வண்டுகளில் கண்டதும் இதே பேரினத்தைத்தான். வெட்டுக்கிளிகளுக்கும் தத்துக்கிளிகளுக்கும் என்றே அமைந்த அதன் உறவு மெட்டாரைசியம் அக்ரிடம்.

பூஞ்சை கொல்லும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எண்ணெயில் கலந்த வித்து ஒன்று பூச்சியின் மேல்தோலில் ஒட்டுகிறது. அது முளைத்து, நுனியில் ஓர் ஒட்டுறுப்பை உருவாக்கி, நொதிகளால் தோலைக் கரைத்து, அழுத்தித் துளைத்து உள்ளே போகிறது. பூச்சி அதைத் தின்ன வேண்டியதில்லை, தொட்டாலே போதும். உடல் திரவத்தில் பூஞ்சை பெருகப் பெருகப் பூச்சியின் பசி குறைகிறது, துள்ளல் தளர்கிறது. ஒன்று முதல் மூன்று வாரத்தில் அது சாகிறது. காற்றில் ஈரம் போதுமானால் செத்த உடலின் மூட்டுகளைப் பிளந்துகொண்டு பச்சை வித்துகள் பூக்கின்றன.

வறண்ட நிலத்தில் பூஞ்சை முளைக்குமா என்ற ஐயத்தை நீக்கியது லுபிலோசா என்ற பன்னாட்டு ஆய்வுத் திட்டம். 1989இல் தொடங்கி 2002 வரை நடந்த அத்திட்டத்தில், வித்துகளை நீருக்குப் பதில் எண்ணெயில் கலந்தால் ஈரமில்லாத காற்றிலும் தொற்று பிடிக்கும் என்று காட்டினார்கள். நைஜரில் கிடைத்த ஒரு வகையிலிருந்து 'கிரீன் மசில்' உருவானது. ஹெக்டேருக்கு 50 கிராம் வித்து என்பதே அதன் பரிந்துரை அளவு. ஆஸ்திரேலியா தன் மண்ணில் கிடைத்த வகையைக் கொண்டு 'கிரீன் கார்டு' தயாரித்து 2000 முதல் பயன்படுத்துகிறது. 2009இல் தான்சானியாவின் சிவப்பு வெட்டுக்கிளிகள் மேல் இப்பூஞ்சை தெளிக்கப்பட்டது. 2020இல், நாம் மாலத்தியான் என்ற வேதிப் பூச்சிக்கொல்லியைத் தெளித்துக்கொண்டிருந்தபோது, மேய்ச்சலை நம்பி வாழும் சோமாலியா பெரும் பரப்பில் பூஞ்சையைத் தெளித்தது.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு: வெப்பம். இப்பூஞ்சை 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் செழிக்கும். 38ஐ நெருங்கினால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். நோயுற்ற வெட்டுக்கிளி இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. வெயிலில் பக்கவாட்டைக் காட்டி நின்று உடலைச் சூடேற்றித் தனக்குத் தானே காய்ச்சல் வரவழைக்கிறது. தாரின் வெயிலில் அதற்கு வாய்ப்பு அதிகம். ஆயினும் காய்ச்சல் சாவைத் தள்ளிப்போடுகிறதே தவிர, பூஞ்சையை முற்றாக அழிப்பதில்லை. இரவு குளிர்ந்ததும் அது மறுபடி வளர்கிறது.

கணக்கைப் பார்ப்போம். பருவமழையில் நனைந்த மணலில் இடப்படும் முட்டை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பொரிக்கிறது. இளம்பூச்சி ஐந்து முறை தோலுரித்து இறக்கை பெற ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகிறது. அதுவரை அது தரையில் அணிவகுத்துத்தான் நகரும். பொரித்த முதல் இரண்டு வாரத்துக்குள் தெளித்தால் மூன்று வாரத் தாமதத்தையும் தாங்கலாம். இறக்கை முளைத்துவிட்டால் அதே பூச்சி காற்றோடு ஒரு நாளில் 150 கிலோமீட்டர் வரை போகும். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் சுமார் 4 கோடி பூச்சிகள். அவை ஒரு நாளில் 35,000 பேரின் உணவுக்கு ஈடாகத் தின்னும்.

பறக்கும் கூட்டத்துக்கு வேதி மருந்து தேவைப்படுவதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை மட்டுமே நம்புவதன் விலையை அரசே அறியும். மாலத்தியானை 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. 2020 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சகம் தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 பூச்சிக்கொல்லிகளின் வரைவுப் பட்டியலில் மாலத்தியானும் குளோர்பைரிபாஸும் இருந்தன. அதே கோடையில் வெட்டுக்கிளிக்கு எதிராக நாடு கையில் எடுத்தவை அவைதாம்.

தாரில் இது இன்னும் கூர்மையான கேள்வி. ஜெய்சல்மேர்ப் புல்வெளிகளில் எஞ்சியிருக்கும் கானமயில்கள் தத்துக்கிளிகளையும் வெட்டுக்கிளிகளையும் தின்று வாழ்பவை. ஒரு காலத்தில் தமிழகத்திலும் திரிந்த அந்தப் பறவை இன்று நாடு முழுவதும் 150க்கும் குறைவாகவே இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதன் இரைமேல் வேதி மருந்தைத் தெளிக்க நேரும் இடங்களில், வெட்டுக்கிளிக் குலத்தை மட்டும் தாக்கும் பூஞ்சைக்கே முதலிடம் தர வேண்டும்.

1939 முதல் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பும், அதன் கீழ் ராஜஸ்தான், குஜராத் பாலைவனத்தில் கண்காணிப்பும் நமக்கு உண்டு. எங்கே முட்டை பொரிக்கிறது என்று கண்டுசொல்லும் அமைப்பு தயாராக இருக்கிறது. இனி வேண்டியவை மூன்று. முதலாவது, தார் வெயிலைத் தாங்கும் உள்நாட்டு வகையை அங்குள்ள மண்ணிலும் செத்த பூச்சிகளிலும் தேடுதல். இரண்டாவது, 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி அதற்கான பதிவை, படையெடுப்பு வரும்வரை காத்திராமல், அமைதியான ஆண்டுகளிலேயே முடித்தல். மூன்றாவது, ஜோத்பூரிலோ பிக்கானேரிலோ குளிர்சேமிப்பில் வித்துகளை வைத்து, அவற்றின் முளைப்புத்திறனை ஆண்டுதோறும் சோதித்தல். மழை பெய்து முட்டை பொரித்த செய்தி வந்ததும் அங்கிருந்து வண்டி கிளம்பினால், பூஞ்சைக்குத் தேவையான மூன்று வாரமும் கிடைக்கும்.