நாடாவில் ஏறிய கைத்திறன்

உலோகத்தைச் செதுக்கி உருவம் தருவது மில்லிங் இயந்திரம். அதன் கைச்சக்கரங்களைச் சுழற்றிய தொழிலாளியின் கண்ணும் கையுமே நெடுங்காலம் அதற்கு அறிவாய் விளங்கின. அவ்விடத்தை எண்கள் பெற்ற வரலாறு ஆசிரியர்களாகிய நாம் அறியத்தக்கது.

1940களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பார் ஹெலிகாப்டர் சுழலலகுகளைச் செய்துவந்தார். அலகின் வளைவு துல்லியமாய் அமைதல் வேண்டும். அவரும் பொறியாளர் பிராங்க் ஸ்டூலனும் வளைவின் புள்ளிகளைத் துளையட்டைப் பொறிகளால் கணக்கிட்டனர். ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, இருவர் ஆளுக்கொரு சக்கரத்தைச் சுழற்றினர். நம் வகுப்பறைச் சொல்வதெழுதுதல் போன்றதே அது!

எண்களை இயந்திரமே படித்தால் என்ன? இவ்வினாவின் பயனாக, 1949இல் அமெரிக்க விமானப்படையின் பொருளுதவியுடன் பணி தொடங்கிற்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் சின்சினாட்டி நிறுவனத்து மில்லிங் இயந்திரம் ஒன்றையே மாற்றியமைத்து, 1952இல் இயக்கிக் காட்டினர். துளையிட்ட காகித நாடா ஆணையிட, வெட்டுளி மூன்று திசைகளிலும் அதன்படி நகர்ந்தது. 1970களில் கணிப்பொறிகள் அக்கட்டுப்பாட்டை ஏற்றன.

இம்மாற்றத்தால் துல்லியம் பெருகிற்று; பட்டறைத் தொழிலாளியின் உரிமையோ சுருங்கிற்று. எனினும், எவ்வளவு ஆழம் வெட்டுவது, எவ்வளவு விரைவில் நகர்த்துவது என்பதை நாடா தானே அறியாது. உலோகத்தை அறிந்த ஒருவரே அதற்குச் சொல்லித்தர வேண்டும். கருவி மாறலாம், கற்பிப்பவரின் கடமை மாறுவதில்லை.